ஒரு துளி மரியாதை கூடாது

"நாலு பேரா? அப்ப ஏன் நிக்கறீங்க? நாற்காலி எந்திரிச்சு வந்து உங்கள மடியில வச்சுக்காது. உக்காருங்க."

பரிமாறுகிற பெண்மணி இப்படிச் சொன்னதும் வெர்லின் ஹாகனுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. சரியான கடைக்குத்தான் வந்திருக்கிறோம்!

அவருக்கு எதிரே நின்ற ப்ரிசில்லா விட்கோம்ப் அம்மாளின் முகமோ, கிளினிக்கில் தப்பான அறைக்குள் நுழைந்துவிட்டவரின் முகம் போல ஆகியிருந்தது. அவர் கணவர் டாக்டர் கான்ராட் விட்கோம்ப், கோணல் பல்லை நேராக்குவதில் பெரிய கைராசிக்காரர், தம் டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெர்லினின் மனைவி மார்லிஸ் மட்டும் சொன்னபடி உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் முழங்கை எதிலோ ஒட்டிக்கொண்டது.

மேசைமேல் முன்னால் சாப்பிட்டுப் போனவர்களின் தட்டுகள் அப்படியே கிடந்தன. அந்தப் பெண்மணி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படபடவென்று அடுக்கினாள். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் 'ட்ரூடி' என்று இருந்தது. ஒரே ஒரு மெனு அட்டையைத் தூக்கி மேசைமேல் போட்டாள்.

"இன்னும் மூணு அட்டை கிடைக்குமா? சிரமம் இல்லேன்னா..." என்றார் டாக்டர்.

"எழுத்துக் கூட்டி ஒருத்தர் சத்தமா வாசிங்க. மத்தவங்க கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு ட்ரூடி போய்விட்டாள்.

வெர்லின் மேசைக்கடியில் மனைவியின் காலை லேசாக மிதித்தார். 'பாத்தியா?' என்று அதற்கு அர்த்தம்.

வெர்லின் டுலூத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸ் விற்கிறவர். நம் காலை யாராவது மிதித்துவிட்டால் நாம்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைக்கிற மின்னசோட்டா மாநிலத்துக்காரர். ஆறிப்போன காபியைக்கூட இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. அவருடைய ஒரே மகள் இங்க்ரிட், மினியாபொலிஸ் பக்கத்து எடைனாவில் இருக்கிற விட்கோம்ப் வீட்டுப் பையன் ப்ரெஸ்டனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். எடைனாவில் புல்லுக்குக்கூட வகிடெடுத்து வாரிவிட்டிருப்பார்கள்.

சம்பந்திகள் முதல்தடவை சந்தித்தது விட்கோம்ப் வீட்டு வரவேற்பறையில். பேச்சு பனிமழையில் ஆரம்பித்தது. "எந்த ரோடு பிடிச்சு வந்தீங்க?" என்பதற்கு நகர்ந்தது. பிறகு கொஞ்சநேரம் கடிகாரம் மட்டும் பேசியது. கடைசியில் "எந்த ரோடு பிடிச்சுத் திரும்பிப் போவீங்க?" என்பதில் முடிந்தது. வாசலில் ப்ரிசில்லா அம்மாள் "ரொம்ப இனிமையா இருந்தது" என்றார். அந்த ஊரில் அந்தத் தொனியில் அதைச் சொன்னால், ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைக் கழுவுவது மாதிரி.

அடுத்த வாரமே ப்ரெஸ்டன், "கல்யாணத்த அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கலாமான்னு அம்மா கேக்கறாங்க" என்று இழுத்தான்.

இங்க்ரிட் போனில் அழுதாள். "அப்பா, நீங்க நாலு பேரும் ஒரு தடவை மனசு விட்டுச் சிரிச்சாப் போதும்ப்பா. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

இதற்கு வழி சொன்னவன் ஆபீசில் பக்கத்து மேசைக்காரன் புட்ச். "தூக்குப் பாலத்துப் பக்கத்துல ஒரு மீன் சாப்பாட்டுக் கடை இருக்குய்யா. அங்க வர்றவங்களத் திட்டறதுதான் விசேஷமே. மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுவாங்க. எப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கனும் சிரிச்சே ஆகணும். ஆனா முன்னாலயே சொல்லிக் கூட்டிட்டுப் போயிடாத. ருசி போயிடும்."

வெர்லினும் சொல்லவில்லை. இப்போது அதுதான் சிக்கலாகிவிட்டது.

ட்ரூடி திரும்பி வந்தாள்.

"இன்னிக்கு சூப் என்னம்மா?" என்றார் ப்ரிசில்லா, தேன் குரலில்.

"காட்டரிசி சூப்."

"எப்படி இருக்கும்?"

"சூடா இருக்கும். அதுக்கு மேல நான் உத்தரவாதம் தர்றதில்ல."

"கோழியில ஏதாவது..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"கோழி வேண்டாம்."

"ஏன்?"

"நான் சொல்றேன்ல."

நாலு பேரும் சூப்பும் ஏரி மீன் வறுவலும் சொன்னார்கள். எல்லோருக்கும் தண்ணீர் வந்தது, ப்ரிசில்லாவைத் தவிர. அவர் வெர்லினைப் பார்த்து மெல்லிதாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் இங்க்ரிட்டின் கல்யாணம் அடுத்த வருஷத்துக்கும் அடுத்த வருஷம் போய்க்கொண்டிருந்தது.

நிலைமையைச் சரிசெய்ய, வெர்லின் எழுந்து போய்த் தானே ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தார். வழியில் ட்ரூடி மறித்தாள்.

"என்னய்யா, என் வேலையப் பறிக்கப் பாக்கறியா?"

"இல்ல, அவங்களுக்குத் தண்ணி..."

"வேணும்னா கேக்கத் தெரியாதா? வாயில என்ன வச்சிருக்க?" என்று டம்ளரை வாங்கி வந்து ப்ரிசில்லாவின் முன்னால் டொக்கென்று வைத்தாள். பாதி டம்ளரிலும் பாதி மடியிலும் நின்றது.

ப்ரிசில்லா மடியைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்ல, ரொம்ப இனிமை" என்றார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "கான்ராட், நமக்கு ரொம்ப தூரம் போகணும்ல?"

அவ்வளவுதான். இனி மறைத்துப் பயனில்லை என்று வெர்லினுக்குத் தெரிந்துவிட்டது. மேசைமேல் குனிந்து ரகசியத்தைப் போட்டு உடைத்தார்.

"உக்காருங்க, உக்காருங்க! இது அந்த மாதிரிக் கடை! வேணும்னேதான் திட்டறாங்க. எல்லாம் நடிப்பு. இதுக்குன்னே வெளியூர்லேர்ந்தெல்லாம் வர்றாங்களாம். உங்களுக்கு ஒரு தமாஷா இருக்கட்டும்னு..."

கான்ராட் மெதுவாகத் தலையைத் திருப்பி ட்ரூடியைப் பார்த்தார். அவள் சுவரோரம் சாய்ந்து நின்று, ஒருவன் கையை உயர்த்திக் கூப்பிடுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"நடிப்பா?" என்றார் டாக்டர். "அடடா! என்ன இயல்பு!"

ப்ரிசில்லாவின் கைப்பை தோளிலிருந்து இறங்கியது. "முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் நிஜம்னு நினைச்சு வருத்தப்பட்டுட்டேனே!"

"எனக்கென்னவோ அந்தப் பொண்ணு நிஜமாவே கடுப்புல இருக்கற மாதிரி தெரியுது" என்றாள் மார்லிஸ்.

"அதுதான்டி திறமை" என்றார் வெர்லின்.

இப்போது வேறொரு தொல்லை வந்தது. டாக்டருக்கு எதையும் முறைப்படி செய்யவேண்டும். "அப்ப நாமளும் பதிலுக்குத் திட்டணுமா? சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா அவங்களுக்கு அவமரியாதை ஆயிடாதா?" என்று கேட்டார். மூன்று பேரும் வெர்லினைப் பார்த்தார்கள். கூட்டிவந்தவர் அவர்தானே.

சூப் வந்தது. வெர்லின் ஒரு கரண்டி வாயில் வைத்தார். ஆறி அவலாகப் போயிருந்தது. மனசுக்குள் மகளை நினைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு கடையில் குரலை உயர்த்தினார்.

"ஏம்மா! சூடா இருக்கும்னு சொன்ன?"

"சொன்னப்ப சூடாத்தான் இருந்துது."

டாக்டர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். வெர்லினுக்கு ஏதோ ஏறிக்கொண்டது. மீன் வந்ததும் அதை முள்கரண்டியால் குத்தித் தூக்கினார்.

"இது செத்து எவ்வளவு நாளாச்சு? இல்ல, துக்கம் கேக்கறதுக்குத்தான் கேக்கறேன்."

ட்ரூடி திரும்பினாள். இத்தனை காலத்தில் அவளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அந்த ஊர்க்காரர்கள் வெந்ததோ வேகாததோ மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இருந்துது" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் வரவே மாட்டார்கள்.

"உள்ள உயிரோடதான் இருந்துது. மேசைக்குக் கொண்டு வந்தனா, உன் மூஞ்சியப் பாத்துச்சு. போயிடுச்சு" என்றாள்.

மேசையே அதிர்ந்தது. ப்ரிசில்லா வாய்விட்டுச் சிரித்ததை கான்ராட் கடைசியாக எப்போது கேட்டாரோ, திடுக்கிட்டுப் பார்த்தார். அந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் களத்தில் குதித்தார்.

"இந்தா பாரும்மா, இந்த டம்ளர் விளிம்புல லிப்ஸ்டிக் இருக்கு. இது என் கலர் இல்ல."

ட்ரூடி டம்ளரையும் பார்த்தாள், ப்ரிசில்லாவையும் பார்த்தாள். "நீங்க போட்டிருக்கறத விட இது தேவல."

ப்ரிசில்லா கைக்கண்ணாடியை எடுத்து உதட்டைப் பார்த்தார். டம்ளரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அட, ஆமாம் மார்லிஸ்!" என்றார். அதுவரை 'மிஸஸ் ஹாகன்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மேசையில் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கியபடி இருந்த மனிதர் அந்த நேரம் பார்த்து எழுந்தார். "மனுஷன் எவ்வளவு நேரம்தான் காத்திருக்கறது? இது கடையா, பஸ் ஸ்டாண்டா? இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டு கோட்டை மாட்டினார்.

"இவரும் இவங்க ஆளுதான்" என்று வெர்லின் கிசுகிசுத்தார். நாலு பேரும் கைதட்டினார்கள். அந்த மனிதர் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்து, காது சிவந்து, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

"என்ன கட்டம்! காதைக்கூடச் சிவக்க வச்சாரு பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

போன மனிதரைப் பற்றி ட்ரூடி சமையலறை ஜன்னலில் ஏதோ சொல்ல, உள்ளேயிருந்து சமையல்காரன் கஸ் பதிலுக்கு ஏதோ சொல்ல, அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்துத் தரையில் எறிந்தாள். "நான் போறேன்! நீயே சமைச்சு நீயே போட்டு நீயே தின்னு! எனக்கு இந்த வேலையே வேண்டாம்!"

"சபாஷ்!" என்றார் வெர்லின்.

"ஒன்ஸ் மோர்!" என்றார் டாக்டர்.

வாசலுக்குப் பாதி தூரம் போன ட்ரூடி நின்றாள். கைதட்டல் ஓயவில்லை. ப்ரிசில்லா அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே தட்டினார். ட்ரூடியின் முகத்தில் என்னவோ ஓடியது. திரும்பி வந்து, குனிந்து ஏப்ரனை எடுத்துத் தட்டிக் கட்டிக்கொண்டாள். "என்ன பல்லக் காட்டறீங்க? தின்னுங்க" என்றாள். ஆனால் தண்ணீர் கேட்காமலே வந்தது.

"இப்பத்தான் அந்தப் பொண்ணு கொஞ்சம் சிரிச்சுது" என்றாள் மார்லிஸ். யாரும் காதில் வாங்கவில்லை.

டாக்டர் இதற்குள் உருளைக்கிழங்கு வறுவலை ஆராய்ந்து முடித்திருந்தார். சமையல்காரனைக் கூப்பிடச் சொன்னார். ஆளுயரக் கரண்டியோடு கஸ் வந்து நின்றான்.

"தம்பி, கொஞ்சம் வாயத் திற" என்றார் டாக்டர்.

"எதுக்கு?"

"ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு, நடுவுல சந்து விட்டு, ஓரமெல்லாம் கறுத்துப் போயி... உன் பல்லப் பாத்துத்தான் இந்த உருளைக்கிழங்க வெட்டினியா?"

கஸ் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "நீ பல் டாக்டரா? அதான். வாயத் திறன்னு சொல்லிக் காசு வாங்கறவன் நீ. வாய மூடுன்னு சொல்லிச் சோறு போடறவன் நான். மூடு, தின்னு."

டாக்டர் கான்ராட் விட்கோம்ப் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். தோள் குலுங்கியது. தலையைத் தூக்கியபோது கண்ணில் தண்ணீர்.

"யாருமே என்கிட்ட பதில் பேசினதில்ல வெர்லின்! என் தொழில்ல ஒருத்தரும் பேச முடியாது. எல்லார் வாயிலயும் என் கை இருக்கும்!" அப்புறம் வெர்லினின் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். "சம்பந்தி! எங்கய்யா பிடிச்ச இந்த எடத்த?"

சம்பந்தி! அந்த வார்த்தையை வெர்லின் மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மார்லிஸ் மேசைக்கடியில் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அதன்பிறகு பேச்சு ரோட்டைப் பற்றியும் பனியைப் பற்றியும் போகவே இல்லை. ப்ரிசில்லாவின் தங்கை முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளையை மறந்துவிட்டுத் தோழிகளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த கதை வந்தது. வெர்லின் ஒருமுறை தப்பான வீட்டு ஃபர்னேஸைக் கழற்றிக் கொண்டுவந்த கதை வந்தது. மார்லிஸ்கூடச் சிரித்தாள். மகனைப் பற்றி ப்ரிசில்லாவே, "அவனுக்கு முட்டையக்கூட உடைக்கத் தெரியாது, உங்க பொண்ணு பாவம்" என்றார். கல்யாணத்தைத் தள்ளிவைக்கிற பேச்சு எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை.

எழுந்திருக்கிற சமயத்தில் டாக்டருக்கு ஒரு யோசனை பிறந்தது.

"ப்ரிசில்லா, கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்து நம்ம பொறுப்புதானே? அந்த கோல்ஃப் கிளப் வேண்டாம். அங்க போனா எல்லாரும் செத்த மாதிரி உக்காந்திருப்பாங்க. இங்கயே வச்சுடலாம்!"

"பிஷப் வருவாரே, கான்ராட்!"

"அதனாலதான் சொல்றேன்."

ப்ரிசில்லா யோசித்தார். கன்னம் குழிந்தது. "முதல் திட்டு அவருக்குத்தான் விழணும்."

கல்லாவில் கடைக்காரர் லாயிட் கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் முட்டுக்கொடுத்த கை நழுவியது.

"இங்கயா?"

"ஆமாம்."

"கல்யாண விருந்தா?"

"அறுபது பேருக்கு."

"எங்க சாப்பாட்டச் சாப்பிட்டீங்கள்ல?"

வெர்லின் டாக்டரின் காதில், "பாருங்க, கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்க மாட்டாங்க" என்றார்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார் டாக்டர், கிரெடிட் கார்டைத் தேய்த்து முன்பணம் கட்டியபடி. "எங்க ஆளுங்க எல்லாரும் பெரிய மனுஷங்க. யாரையும் விசேஷமா கவனிக்கறோம்னு இறங்கிடாதீங்க. இன்னிக்கு நடந்த மாதிரியே நடக்கணும். ஒரு துளி மரியாதை கூடாது."

லாயிட் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம்."

ப்ரிசில்லா வைத்துவிட்டுப் போன டிப்ஸை ட்ரூடி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நல்ல நோட்டுதானா என்று சோதித்தாள். அதற்கும் வாசலிலிருந்து ஒரு கைதட்டல் கிடைத்தது.

வெளியே ஏரிக்காற்று வீசியது. டாக்டரின் காரில் எல்லோரும் ஏறிய பிறகு, ப்ரிசில்லா கழுத்தில் சுற்றியிருந்த பட்டுத்துணி நாற்காலியிலேயே தங்கிவிட்டது தெரிந்தது.

"நான் எடுத்துட்டு வரேன் சம்பந்தியம்மா" என்று வெர்லின் துள்ளி இறங்கினார். உண்மையில் அவருக்கு உள்ளே ஒரு வேலை இருந்தது. இவ்வளவு பெரிய உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் போவது அவர் பிறந்த ஊரில் வழக்கமில்லை.

கடையில் வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை. கல்லாவில் லாயிட் இருந்தார். ட்ரூடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மற்றொன்றில் காலை நீட்டியிருந்தாள். கஸ் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன?" என்றாள் ட்ரூடி.

வெர்லின் பட்டுத்துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "இனிமே நடிக்க வேண்டாம்மா, அவங்க எல்லாரும் வெளிய இருக்காங்க. நான் நன்றி சொல்லத்தான் வந்தேன். எங்க வீட்டுக் கல்யாணமே நின்னு போயிருக்கும். நீங்கதான் காப்பாத்தினீங்க. அப்பப்பா, என்ன நடிப்பு! முகத்துல ஒரு சின்ன அசைவு... ஊஹூம்! எங்கம்மா பயிற்சி எடுத்தீங்க?"

"எதுக்குப் பயிற்சி?"

"திட்டறதுக்கு."

ட்ரூடி லாயிட்டைப் பார்த்தாள். லாயிட் கஸ்ஸைப் பார்த்தார்.

"என் சினேகிதன் புட்ச் எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்று வெர்லின் கண்ணைச் சிமிட்டினார். "பாலத்துப் பக்கத்துல, வேணும்னே திட்டற மீன் கடை. அதான் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அந்த அறுபது பேரும் இதுக்காகவே வரப்போறாங்க. பிஷப் உட்பட!"

ட்ரூடி காலைக் கீழே இறக்கி, எழுந்து நின்று, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். வெளியே டாக்டர் ஹாரனை அடித்து, "சம்பந்தி! சீக்கிரம் வாய்யா!" என்று சந்தோஷமாகக் கத்துவது கேட்டது.

கஸ் கையைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் குரலில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

"அந்தக் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்குங்க, சார். அங்க திட்டறதுக்குச் சம்பளம் தர்றாங்க. இங்க நாங்க ஓசியிலதான் திட்டறோம்."